பழைய பண்ணை வீடுகளைப் புதுப்பித்தலும் விரிவாக்கலும்: கேளம்பாக்கம் வட்டாரம்

வேளாண் குடும்பங்கள் மண், செங்கல், சுண்ணாம்பு, பனைமரம், ஓடு ஆகியவற்றால் கட்டித் தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை இடிக்காமல் பழுதுபார்த்து, இன்றைய குடும்பத்துக்கு வேண்டிய குளியலறை, சமையலறை, படுக்கையறை போன்றவற்றை அதனுடன் சேர்ப்பதே பண்ணை வீட்டைப் புதுப்பித்து விரிவாக்குதல் ஆகும். சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்துள்ள கேளம்பாக்கம் வட்டாரத்தில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஒருபுறம் ஏரிப் பாசன வயல்கள், மறுபுறம் கோவளம் கழிமுகமும் உப்பளங்களும். நிலத்தடி நீரில் உப்பு, காற்றிலும் உப்பு. இவற்றுக்கு மேல், சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு ஏறிய நில விலை.

பழைய வீட்டின் முதல் எதிரி கறையான் அல்ல, இந்த நில விலைதான். ஓட்டு வீடு நிற்கும் மனையும் அதன் பின்னால் உள்ள கொல்லையும் சேர்ந்தால் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு இடம் கிடைத்துவிடும். வீட்டின் பயன் என்ன என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது, மனையின் விலையே விடையாகிவிடுகிறது. ஆகவே இப்பகுதியில் ஒரு பழைய வீடு நிலைப்பதற்கு ஒரே வழி, அதில் ஆட்கள் வசதியாகக் குடியிருப்பதுதான். பூட்டி வைத்துக் காக்கலாம் என்று நினைப்பவர்களின் வீடுகள் சில மழைக்காலங்களிலேயே கூரை இறங்கிவிடுகின்றன.

வீட்டின் அமைப்பு

செங்கல்பட்டுச் சீமையின் பண்ணை வீடு பெரும்பாலும் தெருவை ஒட்டிய திண்ணையில் தொடங்கும். அதைத் தாண்டினால் நடை, பிறகு கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஓரங்களில் அறைகள், பின்கட்டில் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறு, மாட்டுத்தொழுவம், வைக்கோற்போர், களம். எல்லா வீட்டிலும் இவை முழுதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சிறு விவசாயியின் வீட்டில் திண்ணையும் ஒரு கூடமும் அடுக்களையும் மட்டுமே இருக்கும்.

சுவர்கள் தடிமனானவை. அடியில் கருங்கல் அல்லது செங்கல் அடித்தளம், மேலே மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. கடலோரமாதலால் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இங்கே எளிதாகக் கிடைத்தது. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையை நீளவாக்கில் பிளந்து கைமரங்களாக வைத்து, குறுக்கே வரிச்சு கட்டி, மேலே நாட்டு ஓட்டை அடுக்கினார்கள். பின்னாளில் சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு வந்தது. பேசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையே இந்த ஓட்டுக்கு அப்பெயர் வரக் காரணம். வசதி படைத்தவர்கள் வீட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் முறையில் மொட்டைமாடி போட்டனர். மர உத்திரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு அடுக்கி, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துப் பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவது அந்த முறை.

வீட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குபவை. முற்றத்தில் சூடான காற்று மேலெழும்போது திண்ணை வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் சுவரில் படவிடாமல் தடுக்கிறது. மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. ஒன்றை அடைத்தால் மற்றது கெடும். புதுப்பிக்கும்போது நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு இதை மறந்ததே மூலம்.

தட்சிணசித்ராவில் பார்க்கக்கூடியது

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சற்று வடக்கே சென்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா உள்ளது. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை உருவாக்கியது; 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 10 ஏக்கர் வளாகம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பில் தொடங்கி, பென்னி குரியகோசின் மேற்பார்வையில் வளர்ந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளில் இடிபட இருந்த வீடுகளை வாங்கி, தூண், நிலை, உத்திரம் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மீண்டும் எழுப்பினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, தஞ்சை வேளாளர் வீடு, அக்கிரகார வீடுகள் எனத் தமிழ்நாட்டுப் பகுதியில் பல வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன.

பழைய வீட்டைப் பழுதுபார்க்க எண்ணுபவர் கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக்கொண்டு முதலில் இங்கே ஒருநாள் செலவிடலாம். கைமரம் சுவரில் எப்படி அமர்கிறது, தூணின் அடியில் கல் ஏன் இருக்கிறது, முற்றத்து நீர் எந்தச் சலதாரை வழியாக வெளியேறுகிறது என்பவற்றைப் புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் பார்த்தால் விரைவில் விளங்கும். இதே கடலோரக் காற்றில் நிற்கும் வீடுகள் என்பது கூடுதல் பயன்.

ஆனால் அருங்காட்சியக வீட்டில் யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை, மூட்டுவலியோடு இரவில் எழுந்து கழிப்பறை தேடுவதில்லை. குடும்பம் வாழும் வீட்டுக்கு வேண்டிய பாதி விடை மட்டுமே அங்கு கிடைக்கும்.

உப்பும் ஈரமும்

கேளம்பாக்கம் பக்கத்து வீடுகளில் சுவரின் அடிப்பகுதி மூன்று நான்கு அடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்வதைக் காணலாம். "உப்பு பூத்துவிட்டது" என்பார்கள். நடப்பது இதுதான்: மண்ணிலுள்ள உப்பு நீர் செங்கலின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மேலே ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது ஏற்படும் அழுத்தம் பூச்சையும், நாளடைவில் செங்கலின் முகத்தையும் உடைக்கிறது.

இதைக் கண்டதும் வீட்டுக்காரர் வழக்கமாகச் செய்வது, உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசுவது. அதற்கு மேல் நீர்புகா வண்ணமும் அடிப்பார். ஓராண்டுக்கு நன்றாக இருக்கும். பிறகு, வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டுப் பூச்சுக்கு மேலுள்ள பகுதி வரை ஏறி அங்கே பொரியத் தொடங்கும். முன்பு மூன்று அடியில் இருந்த சிக்கல் ஆறு அடிக்குப் போய்விடும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. பழைய சுவரின் செங்கல்லும் சாந்தும் மென்மையானவை, சிமெண்டு கடினமானது. இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் விரிசலும் விழும். பழைய வீட்டுக்குச் செய்யும் கெடுதல்களில் இதுவே முதன்மையானது. அதைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தோடும் கணிசமான செலவோடும் செய்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

சரியான முறை மெதுவானது. முதலில் நீரின் மூலத்தைத் தடுக்க வேண்டும். பல வீடுகளில் தெரு மட்டம் சாலை போடும்போதெல்லாம் உயர்ந்து, திண்ணை பள்ளத்தில் இருக்கும். சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணை அகற்றி, வெளிப்புறம் சரிவாக வாய்க்கால் வெட்டி, கூரை நீர் சுவரடியில் விழாமல் அப்பால் கொண்டுபோக வேண்டும். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தால், சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்காவது அதை உடைத்துக் கூழாங்கல் நிரப்புவது நல்லது. மண் அந்த வழியாக ஈரத்தை வெளியேற்றும். பிறகு பழைய சிமெண்டுப் பூச்சை நீக்கி, சுவரை ஒரு கோடைக்காலம் முழுதும் திறந்து உலரவிட வேண்டும். உப்பு மிகுதியாக இருந்தால் காகிதக்கூழும் களிமண்ணும் நல்ல நீரில் குழைத்துச் சுவரில் அப்பி, உலர்ந்ததும் உரித்தெடுப்பார்கள். ஈரத்தோடு உப்பும் அதற்குள் வந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அதன் பின்னரே சுண்ணாம்புப் பூச்சு.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லாக மாறுவதால் இறுகுகிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் பூசினால் ஈரச்சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து வெடிக்கும். கழுவிய மணலும் உப்பில்லாத நீரும் கட்டாயம். இவ்வூர் ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே சாந்துக்கு ஊற்றினால், ஒரு கையால் எடுத்த உப்பை மறு கையால் சுவருக்குள் வைத்ததாகும்.

நீரைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி நகராட்சிக் கட்டடமான மேரி ஒரு சான்று. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கடற்கரைக் கட்டடம் பழுதுபார்க்கப்படாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். அரசால் அது முடியும். இடிந்த வீட்டைப் பழையபடி கட்டும் வசதி ஒரு குடும்பத்துக்கு அரிதாகவே வாய்க்கும்.

கூரை

ஓட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தை மட்டும் பார்த்து ஓட்டை மாற்றுவது போதாது. ஓடுகளை இறக்கி, எல்லாக் கைமரங்களின் நுனியையும் சோதிக்க வேண்டும். சுவருக்குள் புதைந்துள்ள நுனிதான் ஈரத்தில் முதலில் உளுக்கும். நடுப்பகுதி இரும்புபோல இருக்கும். உளுத்த நுனியை மட்டும் வெட்டி, புதுத்துண்டை இணைப்புப் போட்டுச் சேர்ப்பது நல்ல தச்சருக்குத் தெரிந்த வேலை. முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை.

மாற்றியே ஆக வேண்டிய மரத்துக்கு, இடிக்கப்பட்ட வீடுகளின் பழைய பனங்கைகளை வாங்குவது சிறந்தது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம்; அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. மேலும், இன்று கிடைக்கும் இளம்பனையில் வைரம் போதாது. காரைக்குடியில் பழைய வீடுகளின் தூணும் கதவும் விற்கும் கடைகள் ஒரு தெரு நிறைய உள்ளன. அங்கு வாங்கும் ஒவ்வொரு தூணும் ஏதோ ஒரு வீடு இடிந்ததால் வந்தது என்பதை நினைத்தால் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். தன் வீட்டில் உடைந்த ஒன்றுக்கு ஈடாக வாங்குவது வேறு; அலங்காரத்துக்காக வாங்கிக் குவிப்பது வேறு.

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் ஓட்டுக் கூரைகளின் பலவீனத்தைக் காட்டியது. காற்று ஓரத்து ஓடுகளை முதலில் தூக்கும்; ஒரு வரிசை போனால் மற்றவை தொடரும். ஆகவே இறவாரத்திலும் முகட்டிலும் உள்ள ஓடுகளைத் துருப்பிடிக்காத கம்பியால் வரிச்சோடு கட்ட வேண்டும். கைமரங்களைச் சுவரின் மேல் ஓடும் மரச்சட்டத்தோடும், அச்சட்டத்தைச் சுவரோடும் பிணைக்க வேண்டும். முன்பு வெறும் எடையே கூரையைப் பிடித்து வைத்திருந்தது.

வெயிலைக் குறைக்க ஓட்டுக்கு அடியில் இன்னொரு வரிசைத் தட்டோடு பரப்புவது பழைய முறை. அதுவே போதும். பொய்க்கூரை அடித்து மூடினால் எலியும் கறையானும் குடியேறுவது கண்ணுக்குத் தெரியாது.

புதிய பகுதி

இன்றைய குடும்பத்துக்கு வேண்டியவற்றைப் பழைய வீட்டுக்குள்ளேயே திணிப்பதா, பக்கத்தில் கட்டுவதா என்பது அடுத்த கேள்வி. தண்ணீர் புழங்கும் எதையும் பழைய சுவர்களுக்குள் கொண்டுவராமல் இருப்பதே பாதுகாப்பு. கூடத்தின் மூலையில் குளியலறை கட்டினால் குழாய்க்காகச் சுவரைக் குடைய வேண்டும்; ஓடு பதித்த சுவர் மறுபக்கம் ஈரத்தை உமிழும். வெளியே உள்ள உப்பு நீரோடு சண்டையிட்டு முடித்து, உள்ளே நாமே ஒரு கிணறு வெட்டியதுபோல் ஆகும்.

இதற்கு வீட்டின் பழைய அமைப்பிலேயே இடம் உண்டு. மாடுகள் இல்லாத தொழுவமும் பயன்படாத களமும் பின்புறம் காலியாகவே இருக்கின்றன. குளியலறைகள், சமையலறை, துணி துவைக்கும் இடம், குளிர்சாதனம் வைத்த இரண்டு படுக்கையறைகள் ஆகியவற்றை அங்கே ஒற்றை மாடியாகக் கட்டலாம். பழைய வீட்டில் கூடமும் முற்றமும் திண்ணையும் பொது இடங்களாகவும், பழைய அறைகள் படிப்பறை, பூசையறை, விருந்தினர் அறை ஆகியனவாகவும் தொடரும். முதியோருக்கான அறை மட்டும் கழிப்பறைக்குப் பக்கத்தில், படி இல்லாமல், புதிய பகுதியில் இருப்பது நல்லது. பழைய வீட்டின் உயர்ந்த வாசற்படியும் குனிந்து நுழையும் நிலையும் படத்தில் அழகாக இருக்கும். எண்பது வயதில் அவை ஆபத்து.

இரண்டு கட்டடங்களையும் ஒரே சுவரால் ஒட்டக்கூடாது. ஏரிப் பாசன நிலத்துக் களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். நூறாண்டு அமர்ந்துவிட்ட பழைய அடித்தளமும் புதிதாக அமரப்போகும் அடித்தளமும் ஒன்றாக அசையா. ஒட்டினால் சந்திப்பில் விரிசல் உறுதி. ஆறேழு அடி இடைவெளி விட்டு, மேலே எளிய ஓட்டுத் தாழ்வாரம் ஒன்றால் இணைத்தால் போதும். புதிய கூரையின் உயரம் பழைய முகட்டைத் தாண்டாமல் இருந்தால் வெளிச்சமும் காற்றும் முற்றத்துக்குத் தடைபடாது. பழைய வீட்டின் மேலேயே தூண் எழுப்பி மாடி கட்டும் யோசனையை முளையிலேயே கைவிட வேண்டும். மண் சாந்தில் கட்டிய சுவர் அந்தப் பாரத்துக்கானது அல்ல.

புதிய பகுதி பழையதைப்போல வேடம் போட வேண்டியதில்லை. போலித் திண்ணையும் சிமெண்டில் வார்த்த செட்டிநாட்டுத் தூணும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதே ஓடு, அதே தாழ்ந்த இறவாரம், எளிய செங்கல் சுவர் இருந்தால் இரண்டும் இயல்பாகவே சேர்ந்திருக்கும்.

புதிய பகுதியில் கம்பி போட்ட காங்கிரீட் இருக்குமானால் உப்பு இங்கேயும் வரும். கம்பி உள்ள காங்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 456. ஆகவே நீரைப் பரிசோதித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கம்பிக்கு மேல் காங்கிரீட்டின் கனமும் கடலோர நிலைமைக்கு ஏற்ப, அதாவது சுமார் 45 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். சுண்ணாம்பு வீடு நூறாண்டு நிற்க, அதன் பக்கத்தில் கட்டிய காங்கிரீட் முப்பதே ஆண்டில் கம்பி துருத்திக் கொட்டும் காட்சி கடலோர ஊர்களில் புதிதல்ல.

முற்றத்தின் மேல் கண்ணாடி போட்டு மூட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். மழைச் சாரலும் கொசுவும் உண்மையான தொல்லைகள்தாம். ஆனால் மூடிய முற்றம் பகலில் வெந்நீர்க் கொப்பரை ஆகிவிடும். கொசுவுக்கும் குரங்குக்கும் கம்பி வலை போதும். மழைக்குத் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்கவிடலாம்.

மின் இணைப்பைப் பழைய மரச்சட்டக் கம்பிகளில் தொடரவே கூடாது. முழுதும் புதிதாக இழுத்து, எர்த் போட்டு, கசிவு ஏற்பட்டால் தானே அணையும் கருவி பொருத்த வேண்டும். சுவரைக் குடையாமல் குழாயை வெளியிலேயே ஓட்டுவது பார்வைக்குச் சற்றுக் குறைதான். ஆனால் சுவருக்கு நல்லது. கழிவுநீர் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பழைய கிணற்றைத் தூர்க்காமல், வடிகட்டிய கூரை நீரை அதில் விட்டால் உப்பு சற்றுக் குறையும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமும்கூட.

அனுமதிகள்

விரிவாக்கம் புதிய கட்டுமானமாகவே கருதப்படும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி பெற வேண்டும். கழிமுகத்தை ஒட்டிய மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். ஓதம் ஏறும் கழிமுகக் கரையும் அதில் அடங்கும் என்பதை வாங்கிய பிறகு அறிந்து திகைப்பவர்கள் உண்டு. திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்ட முடியாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி.

வாழும் வீடுகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்குப் புதுச்சேரியின் வைசியாள் வீதி நல்ல எடுத்துக்காட்டு. இன்டாக் அமைப்பின் வழிகாட்டலில் அத்தெருவின் தமிழ் வீடுகளின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன. 2008-இல் அப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே ஒரு தெரு முழுதும் சேர்ந்து செய்ததால் ஒவ்வொருவருக்கும் பாரம் குறைந்தது. கேளம்பாக்கம் பக்கத்தில் பழைய வீடுகள் அடுக்குமாடிகளுக்கு இடையே ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்தந்தக் குடும்பம் தனியாகவே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

செலவும் பாகப்பிரிவினையும்

பழுதுபார்க்கும் வேலையைச் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் விடுவது சரிவராது. பூச்சை உரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாள்கூலிக்கு விடுவதும், பகுதி பகுதியாகச் செய்வதும் நல்லது. முதல் ஆண்டு கூரையும் நீர்வழியும், அடுத்த ஆண்டு சுவர், அதன் பிறகு புதிய பகுதி என்று பிரித்தால் குடும்பத்தின் கையிருப்புக்கும் ஏற்றதாக இருக்கும். முதல் ஆண்டு வேலையை மட்டும் செய்து நிறுத்தினாலும் வீடு பிழைத்துக்கொள்ளும்.

வேலைக்கு முன் முடிக்க வேண்டியது பத்திரம். பெரும்பாலான பண்ணை வீடுகள் தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டாவாக இருக்கும். தமிழ்நாட்டில் 1989 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. 2005-இல் அது நாடு முழுதும் சட்டமாயிற்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள சகோதர சகோதரிகள் அனைவரும் கையொப்பமிட்டு, வீடு யாருக்கு, அதற்கு ஈடாக மற்றவர்களுக்கு எந்த நிலம் அல்லது எவ்வளவு பணம் என்பதைப் பாகப்பத்திரத்தில் பதிவு செய்யாமல் பணம் போட்டால், புதுப்பித்த வீடே வழக்குக்குக் காரணமாகும். முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பி வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வது வழக்கில் உள்ள தீர்வுதான். ஆனால் அதன் பிறகு சலதாரை ஒரு பங்கிலும் கிணறு மறு பங்கிலும் போய்விடும். மழைநீர் ஒருவர் வீட்டில் தேங்கும். ஆகவே வீட்டையும் கிணற்றையும் பின்புற வழியையும் ஒரே பங்காக எழுதி, வயலிலும் மனையிலும் மற்றவர்களுக்கு ஈடுகட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும் பிரிவினை.